மூன்று நாளிதழ், ஒரே எழுத்துப்பிழை

மெய்ப்புக்காரன்

ஒரு நாளிதழில் சப் எடிட்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

தூக்கம் பற்றிய ஒரு செய்தி. ‘பெரும்பாலானோர் சரியாகத் தூங்குவதில்லை, நிபுணர்கள் கவலை’ என்கிற ரகம். அதில் ‘ஆழ்ந்த உறக்கம்’ என்று வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போய் ‘ஆழந்த உறக்கம்’ என்று அச்சாகிவிட்டது. மெய்ப்பு பார்த்தது நான், திட்டு வாங்கியதும் நான். மறுநாள் மற்ற பத்திரிகைகளைப் புரட்டினால் இன்னும் இரண்டில் அதே செய்தி, அதே மூன்றாம் பத்தி, அதே ‘ஆழந்த’. மூன்று பேரும் தனித்தனியாக ஒரே எழுத்தில் தடுக்கி விழுந்திருக்க முடியாது. தேடிப் பார்த்தேன். ஒரு மெத்தை நிறுவனத்துக்காக ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி அனுப்பிய மின்னஞ்சல்.

செய்தியில் மெத்தை என்ற சொல்லே கிடையாது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை (தெரிந்தேதான் எழுதினேன்).

வாசகர் படித்தது செய்தியா, விளம்பரமா? இப்படி வருவதெல்லாம் நிஜமாகவே மக்கள் கருத்தை மாற்றுகிறதா, இல்லை நாம்தான் பெரிதுபடுத்துகிறோமா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம்பக்கம்

தம்பி, எட்டு மாசத்துல பிடிச்சிட்டீங்க. எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

இருபத்திரண்டு வருஷம் நிருபரா இருந்து ஓய்வு பெற்றவ நான். வெளியில இருக்கறவங்க, யாரோ காசு வாங்கிட்டுப் போட்டதா நினைப்பாங்க. பெரும்பாலும் அப்படி இல்ல. சாயங்காலம் ஆறு மணி, எட்டாம் பக்கத்துல கால் பக்கம் காலி, அனுப்ப ஆள் இல்ல. அந்த நேரம் பார்த்து தலைப்பு, நாலு பத்தி, நிபுணர் கருத்து, படம், படத்துக்கு விளக்கம்னு எல்லாம் ரெடியா ஒரு மெயில் வந்து விழும். அதை எழுதினவர் நேத்து வரைக்கும் நம்ம டெஸ்க்ல உக்காந்திருந்தவரா இருப்பார். நம்ம நடை, நம்ம பத்தி அளவு, நம்ம டெட்லைன் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

பிரிட்டன்ல கார்டிஃப் பல்கலைக்கழகத்துக்காரங்க அங்கத்த முன்னணி நாளிதழ்களை எடுத்து அலசினாங்க. 2008-ல வெளியான அந்த ஆய்வுப்படி, ஏறக்குறைய பத்துல ஆறு செய்தி முழுசாவோ பெரும்பகுதியோ செய்தி ஏஜென்சி, பி.ஆர். சரக்கிலேருந்து வந்தது. நிருபர் தானே அலைஞ்சு கொண்டு வர்றது சிறுபான்மை.

இது இன்னிக்கு நேத்து வந்த வழக்கமும் இல்ல. 1906-ல அமெரிக்காவுல அட்லாண்டிக் சிட்டி பக்கத்துல ஒரு ரயில் பாலத்துலேருந்து தண்ணிக்குள்ள இறங்கி ஐம்பது பேருக்கு மேல இறந்தாங்க. விபத்துன்னா வாயைத் திறக்காம இருக்கறதுதான் அதுவரைக்கும் ரயில் கம்பெனிங்க பழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனிக்கு பி.ஆர். வேலை பார்த்த ஐவி லீ அதைத் தலைகீழாக்கினார். நிருபர்களைக் கம்பெனியே கூட்டிட்டுப் போச்சு, நடந்தது இதுன்னு ஒரு அறிக்கையும் கொடுத்துச்சு. நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே போட்டதாச் சொல்வாங்க. பிரஸ் ரிலீஸோட பிறந்தநாள் அதுதான். மறைக்கறதைவிட அது எவ்வளவோ மேல், அதை மறுக்கல. ஆனா முதல் வரியை எழுதற உரிமை அன்னிக்கே கை மாறிப்போச்சு.

எட்டு வருஷம் கழிச்சு கொலராடோவுல லட்லோ சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதை அடக்கினப்போ பெண்களும் குழந்தைகளும் செத்தாங்க. சுரங்க முதலாளி ராக்ஃபெல்லர் தரப்புக்காக அதே லீ அனுப்பின குறிப்புகள்ல தப்பான தகவல்கள் இருந்தது பின்னாடி அம்பலமாச்சு. அவர் பேரை வச்சே ‘பாய்சன் ஐவி’ன்னு, அதாவது ‘விஷக்கொடி’ன்னு, ஒரு பட்டப்பேரும் ஒட்டிக்கிச்சு.

ஏன்எதற்கு

மக்கள் தொடர்பு என்று பேச்சு வந்தாலே அடுத்து அந்தத் தொழிலின் அமெரிக்க முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ் வந்துவிடுவார். யாராவது சொல்வதற்குள் நானே சொல்லி முடித்துவிடுகிறேன்.

1929, நியூயார்க், ஈஸ்டர் ஊர்வலம். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டுக்காக பெர்னேஸ் சில இளம் பெண்களை நடக்கவிட்டு, புகைக்க வைத்து, ‘சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்’ என்று பெயர் சூட்டினார். மறுநாள் பத்திரிகைகளில் செய்தி. உடனே பெண்கள் எல்லோரும் சிகரெட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்பது கதை.

பெண்கள் புகைப்பது அந்தப் பத்தாண்டு முழுக்கவே ஏறிக்கொண்டிருந்தது. ஊர்வலம் ஓடுகிற ரயிலில் ஏறிக்கொண்டது. இந்தக் கதை இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், 103 வயது வரை வாழ்ந்த பெர்னேஸ் அதைத் தானே சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. பி.ஆர். சர்வ வல்லமை படைத்தது என்ற எண்ணமே பி.ஆர். தயாரித்த எண்ணம்தான்.

இன்னொன்று. 1938 அக்டோபரில் செவ்வாய்க்கிரகவாசிகள் படையெடுத்த வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்பார்கள். அன்றிரவு தொலைபேசியில் எடுத்த நேயர் கணக்கெடுப்பில் அந்த நிகழ்ச்சியைக் கேட்டதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம். பீதியை ஊதியது செய்தித்தாள்கள், அவற்றுக்கு வானொலி அப்போது போட்டியாளன். மக்கள் முட்டாள்கள் இல்லை ஐயா.

திரைமறைவு

நான் அந்தப் பக்கத்து ஆள். 14 வருஷமாக பி.ஆர். ஏஜென்சி வேலை. கல்லெறிய வசதியாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன்எதற்கு சொன்னதில் பெர்னேஸ் பற்றியது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் தொழிலின் முதல் வாடிக்கையாளர் எப்போதும் நாங்களேதான். ‘மக்கள் மனதை மாற்றிக் காட்டுகிறோம்’ என்று வாடிக்கையாளரிடம் படம் போட்டுக் காட்டுவோம். எங்கள் அலுவலகத்துக்குள் அதை நம்புகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நாங்கள் நிஜமாக வாடகைக்குப் பிடிப்பது அடுத்தவர் வாயை. மெத்தைக்காரர் ‘மெத்தை மாற்றுங்கள்’ என்றால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். மருத்துவர் ‘தூக்கம் கெட்டால் உடம்பு கெடும்’ என்றால் படிப்பீர்கள், அதைச் செய்தித்தாள் சொன்னால் மனதில் வைத்துக்கொள்வீர்கள். மெத்தை என்ற சொல் எங்கே என்று கேட்டார் மெய்ப்புக்காரன். இருக்கக் கூடாது தம்பி. கவலை செய்தியில் வரும், மருந்து பக்கத்து விளம்பரத்தில் வரும், இரண்டையும் முடிச்சுப் போடுவது வாசகரின் வேலை. தானே போட்ட முடிச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதையும் பெர்னேஸ் செய்திருக்கிறார்: பன்றி இறைச்சி விற்கும் கம்பெனிக்காக, காலையில் வயிறு நிறையச் சாப்பிடுவது நல்லதா என்று மருத்துவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்.

அடுத்தது இன்னும் முக்கியம். கருத்தை மாற்றுவது மகா கஷ்டம். ஆனால் ஒரு கருத்து உறுதியாவதைத் தள்ளிப்போடுவது சுலபம், செலவும் குறைவு. ‘இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

சிகரெட்டுக்கே வருகிறேன், ஊர்வலத்தை விடுங்கள். 1950-களின் தொடக்கத்தில் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் வரிசையாக வந்தன. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் கூடி ஹில் அண்ட் நோல்டன் என்ற பி.ஆர். நிறுவனத்தை அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை. புகைத்தால் கெடுதல் இல்லை என்று அதில் அடித்துச் சொல்லவில்லை. உங்கள் ஆரோக்கியமே எங்கள் முதல் பொறுப்பு, அறிவியல் இன்னும் முடிவுக்கு வரவில்லை, நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்றார்கள். ஆராய்ச்சிக் குழுவும் அமைத்தார்கள். நிருபர் ஒரு புற்றுநோய் நிபுணரைக் கேட்டால், நடுநிலை கருதி ‘மறுதரப்பு’ என்று இந்தக் குழுவையும் கேட்பார். செய்தியில் இருவருக்கும் சம இடம்.

ஒரு சிகரெட் கம்பெனியில் 1969-ல் எழுதிய உள் குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. ‘சந்தேகம்தான் நாம் விற்கும் சரக்கு’ என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1998-ல் பெரிய சிகரெட் கம்பெனிகள் அமெரிக்காவின் 46 மாநிலங்களுடன் வழக்கை முடிக்க ஒப்பந்தம் போட்டு, 25 ஆண்டுகளில் 200 பில்லியன் டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டார்கள். 1954-லிருந்து 1998 வரை எத்தனை வருஷம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். அத்தனை வருஷமும் விற்பனை நடந்தது. மக்கள் முட்டாளாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏன்எதற்கு

உங்கள் தொழிலை நீங்களே இவ்வளவு தோலுரித்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

தராசுமுள்

தொடர்பியல் ஆய்வு மாணவி நான். இங்கே இரண்டு தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று தோன்றுகிறது: என்ன நினைக்கிறோம் என்பது ஒன்று, எதைப் பற்றி நினைக்கிறோம் என்பது இன்னொன்று.

முதலாவதில் ஊடகத்தின் பிடி தளர்வானது என்பதை 1940 அமெரிக்கத் தேர்தலின்போதே சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் கண்டார்கள். ஒஹையோவில் ஒரு மாவட்ட மக்களிடம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பேட்டி எடுத்தார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் வெகு குறைவு. வானொலியையும் பத்திரிகையையும் விட, தமக்குத் தெரிந்த, விஷயம் அறிந்த ஒருவரின் பேச்சுக்கே மக்கள் காது கொடுத்தார்கள். ஏன்எதற்கு இதில் ஜெயிக்கிறார்.

இரண்டாவதில் தோற்கிறார். 1968 அமெரிக்கத் தேர்தலின்போது ஆய்வாளர்கள் மெக்கோம்ஸ், ஷா இருவரும் சாப்பல் ஹில் நகரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் ‘நாட்டின் முக்கியப் பிரச்சினை எது’ என்று கேட்டு, அவர்கள் படித்த, பார்த்த ஊடகங்கள் எதற்கு அதிக இடம் ஒதுக்கின என்பதோடு ஒப்பிட்டார்கள். 1972-ல் முடிவு வெளியானது: இரண்டு பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பந்தியில் எதை உண்பது என்பது நம் இஷ்டம்தான், ஆனால் இலையில் என்ன விழுகிறது என்பது பரிமாறுகிறவர் கையில்.

இதோடு சொல்லமைப்பும் சேர்கிறது. உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கி, கானமன் 1981-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரு கொள்ளைநோயில் 600 பேர் சாகக்கூடும், இரண்டு திட்டங்கள் இருக்கின்றன: முதலாவதில் முடிவு நிச்சயம், இரண்டாவது எல்லோரும் பிழைக்கலாம் அல்லது ஒருவரும் பிழைக்காமல் போகலாம் என்ற சூதாட்டம். முதல் திட்டத்தில் ‘200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள்’ என்று ஒரு குழுவிடம் சொன்னபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தார்கள். அதே திட்டத்தை ‘400 பேர் நிச்சயம் சாவார்கள்’ என்று வேறொரு குழுவிடம் சொன்னபோது 22 சதவீதம்தான். கணக்கு ஒன்றே. எந்தச் சொல்லில் சொல்வது என்று முடிவுசெய்பவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அதனால் ‘பி.ஆர். பொய் சொல்கிறதா’ என்ற கேள்வி எனக்கு அவ்வளவு பயன்படுவதாகத் தெரியவில்லை.

வெள்ளெருக்கு

தடுப்பூசிப் பணியில் இருக்கும் செவிலியர் நான். திரைமறைவு சொன்ன ‘இருவருக்கும் சம இடம்’ என்ற வரியில் நின்றுவிட்டேன்.

1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தைக் கிளப்பியது. கட்டுரை மட்டும் வந்திருந்தால் மருத்துவர்களோடு முடிந்திருக்கும். செய்தியாளர் கூட்டம் போட்டு, தடுப்பூசியைத் தனித்தனியாகப் போடுவது நல்லது என்று கட்டுரையின் முதன்மை ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் அங்கே பேசினார். பிறகு பல வருஷம் தொலைக்காட்சியில் ஒரு பக்கம் நோய்த்தடுப்பு நிபுணர், மறுபக்கம் கலங்கிய கண்ணோடு ஒரு தாய். அந்தத் தாயின் வேதனை நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்ப்பவருக்கு ‘மருத்துவர்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள்’ என்று தோன்றும். அப்படி எந்தப் பிரிவும் இல்லை. இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளில் அந்த ஊசி போட்டவர்கள் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2003-04-ல் சுமார் 80-க்கு இறங்கியது. கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2010-ல்.

இன்றும் யாராவது ஒரு அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது அவருக்குத் தெரியாது. பயம் மட்டும் முகவரி தப்பாமல் வந்து சேர்ந்துவிட்டது.

அதே ஆயுதம் நல்லதுக்கும் வெட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 1988-ல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளிக்காரர்கள், விருந்துக்குப் போகும் கூட்டத்தில் வண்டி ஓட்டப்போகும் ஒருவர் குடிக்காமல் இருப்பது என்ற வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பினார்கள். அறிவுரை விளம்பரத்தை மட்டும் நம்பவில்லை. தொலைக்காட்சித் தொடர் எழுதுபவர்களிடம் போய், கதாபாத்திரம் போகிறபோக்கில் ஒரு வசனமாகச் சொல்லட்டும் என்று கேட்டார்கள். சொன்னார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பதற்குக் காரணம் நோக்கம் நல்லது என்பது மட்டுமே. வழி என்னவோ மெத்தைக்காரர் போன அதே வழி.

ஏன்எதற்கு

வெள்ளெருக்கு, தலைவணங்குகிறேன். ஆனாலும் பொய் ஒருநாள் பிடிபடத்தான் செய்கிறது. பெல் பாட்டிஞ்சரைப் பாருங்கள். லண்டனின் பெரிய பி.ஆர். நிறுவனம். தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் நிறுவனத்துக்காக இனப் பகையைக் கிளறும் பிரசாரம் செய்தது அம்பலமாகி, 2017 செப்டம்பரில் பி.ஆர். நிறுவனங்களின் சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. வாடிக்கையாளர்கள் ஓடினார்கள், சில நாட்களில் நிறுவனமே கவிழ்ந்தது. அம்பலப்படுத்தியதில் பத்திரிகையாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாம்பக்கம்

பிடிபடும். எப்பன்னுதான் கேள்வி.

1990 அக்டோபர் 10. ஈராக் படை குவைத்துக்குள்ள புகுந்து ரெண்டு மாசம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களோட மனித உரிமைக் குழு முன்னாடி 15 வயசுப் பொண்ணு ஒண்ணு அழுதுக்கிட்டே சாட்சி சொல்லுது. குவைத் ஆஸ்பத்திரியில ஈராக் சிப்பாய்ங்க இன்குபேட்டர்லேருந்து குழந்தைகளை வெளியில எடுத்துத் தரையில சாக விட்டாங்கன்னு. குடும்பத்தோட பாதுகாப்புக்காகன்னு முழுப்பேர் சொல்லல. எல்லா சேனல்லயும் ஓடுச்சு. ஜனாதிபதி புஷ் திரும்பத் திரும்ப அந்தக் கதையைச் சொன்னார். ஜனவரியில செனட் 52-க்கு 47னு போருக்கு அனுமதி கொடுத்துச்சு, பல செனட்டர்கள் இன்குபேட்டரைக் குறிப்பிட்டே பேசினாங்க.

அந்தப் பொண்ணு அமெரிக்காவுக்கான குவைத் தூதரோட மகள். சாட்சியத்தை ஏற்பாடு செஞ்சது, குவைத் அரசு பணம் கொடுத்த ஒரு அமைப்புக்காக வேலை பார்த்த ஹில் அண்ட் நோல்டன். ஆமா, சிகரெட் கம்பெனிங்க அமர்த்தினதா திரைமறைவு சொன்ன அதே பி.ஆர். ஆளுங்க. இது வெளியில வந்தது 1992 ஜனவரியில. போர் முடிஞ்சு பத்து மாசம் ஆயிருந்தது. போருக்கு அப்புறம் போய் விசாரிச்சவங்களுக்கு அந்தக் குற்றச்சாட்டுக்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கல.

ஈராக் படை அங்க கொடுமையே பண்ணலன்னு நான் சொல்லல, நிறைய பண்ணுச்சு. என்னை உறுத்தறது வேற. அன்னிக்கு அந்த அறையில இருந்த அத்தனை நிருபர்ல ஒருத்தராவது ‘இந்தப் பொண்ணு யாரு’ன்னு ரெண்டு போன் போட்டிருந்தா? அழுகிற குழந்தைகிட்ட அடையாள அட்டை கேக்க யாருக்கும் மனசு வராது. அதைத் தெரிஞ்சவங்கதான் அந்த மேடையைப் போட்டாங்க.

திரைமறைவு

இரண்டாம்பக்கம் அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பழைய கதைகளையே பேசினால், இப்போது நடப்பது கண்ணில் படாமல் போகும். இன்று டெஸ்க்கே தேவையில்லை. வீடியோ போடுகிற நாற்பது பேரிடம் ஆளுக்கு ஒரு ‘சொந்த அனுபவம்’ கொடுத்துவிட்டால் போதும். காசு வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது, சொல்கிறார்கள், மூன்றாவது வரியில், மங்கிய எழுத்தில். பிறகு அது ட்ரெண்டிங் ஆனதே செய்தியாகிறது. முன்பு செய்தியை உண்டாக்கப் பாடுபட்டோம், இப்போது ‘மக்கள் பேசிக்கொள்கிறார்கள்’ என்பதை உண்டாக்குகிறோம். தராசுமுள் சொன்ன அந்த ஒஹையோ ஆய்வு, தெரிந்தவர் பேச்சுக்குத்தான் மதிப்பு என்றதே, அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் தெரிந்தவரையே வாங்கத் தொடங்கினார்கள் என்று தோன்றும்.

கெட்ட செய்தியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியிடுவது மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை.

தராசுமுள்

2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட சிறிது நேரத்திலேயே, ஒரு பிரிட்டிஷ் அமைச்சரின் ஆலோசகர் ‘புதைக்க வேண்டியதை எல்லாம் வெளியிட இன்று நல்ல நாள்’ என்ற பொருளில் மின்னஞ்சல் அனுப்பினார். வெள்ளிக்கிழமைகூடத் தேவைப்படவில்லை. அன்று செவ்வாய்.

மெய்ப்புக்காரன்

எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டே இருந்தேன், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

நேற்று அதே ஏஜென்சியிடமிருந்து அடுத்த மின்னஞ்சல். இந்த முறை முதுகுவலி. அதே அமைப்பு: கவலை தரும் கணக்கெடுப்பு, ‘இத்துறையின் சுயேச்சை நிபுணர்’ ஒருவரின் கருத்து, மெத்தை கிடையாது. செய்தி ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டு ‘ஆறரைக்குள் முடி’ என்றார். இரண்டு போன் போடலாமே என்று நினைத்தேன். கணக்கெடுப்பில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று ஏஜென்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்றார். சரி, நிபுணரிடமே பேசிவிடலாம் என்று குறிப்பின் கடைசியில் இருந்த அவருடைய எண்ணை அழுத்தினேன்.

அதே குரல். ‘வணக்கம், சொல்லுங்க’ என்றார். நான் பெயரைச் சொன்னதும் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, ‘நிபுணர் மீட்டிங்கில் இருக்கிறார், அவர் சார்பில் நான் பதில் தரலாமா?’ என்றார்.

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். சிரித்தார். நிபுணர் பத்தியை எடுத்துவிட்டு மீதியைப் போடு என்றார். கால் பக்கம் காலியாக இருந்தது அக்கா, நீங்கள் சொன்னதுபோலவே. போட்டேன். ‘ஒரு மெத்தை நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பின்படி’ என்ற ஐந்து சொல்லை முதல் வரியில் நானாகச் சேர்த்தேன். அச்சில் வந்திருக்கிறது, யாரும் இதுவரை எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம்பக்கம்

அந்த அஞ்சு சொல்லு போதும் தம்பி. மத்த ரெண்டு பேப்பர்ல எப்படி வந்திருக்கு, பார்த்தீங்களா?

மெய்ப்புக்காரன்

நிபுணரோடு வந்திருக்கிறது.

திரைமறைவு

ஒரே எண்ணையா கொடுத்தார்கள்? சுத்த சோம்பேறிகள். எங்கள் அலுவலகத்தில் நிபுணருக்குத் தனி சிம்.